அப்பா பார்த்த நாடி

மார்ச் 4

என் ஊமைக்கோட்டானுக்கு,

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

போன வாரம் லீவில் வந்தீர்களே, பாப்பா ஓடிவந்து மடியில் ஏறினாள். என்ன செய்தீர்கள், நினைவிருக்கிறதா? மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தீர்கள். "ஒண்ணுமில்ல, நார்மல்" என்று இறக்கிவிட்டீர்கள். ஒரு முத்தம் இல்லை. சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் வேலை லேசில்லை, தெரியும். ஆனால் வீட்டுக்கு உங்கள் உடம்பு மட்டும்தான் வருகிறது. கொஞ்ச நாள் லீவு கேளுங்கள். இப்படியே போனால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். மிரட்டவில்லை. பயமாக இருக்கிறது.

உங்கள் வாயாடி

மார்ச் 11

வாயாடிக்கு,

நாடி பார்த்தது சத்தியமாக நினைவில்லை. நீ எழுதித்தான் தெரிகிறது.

இங்கே ரெண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். நானும் லீவு கேட்டால் வார்டு என்ன ஆவது? மூச்சைக் கவனிக்கச் சொல்லி எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். "நாள் முழுக்க ஊரார் மூச்சத்தான் கவனிக்கிறோம், இதுக்கு வகுப்பு வேறயா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று ஒரு கல்லூரிப் பையன் இறந்துபோனான். துணி போர்த்தினேன், கை கழுவினேன், போய்ச் சாப்பிட்டேன். நன்றாகவே பசித்தது. எனக்கும் அதுதான் பயம்.

ஊமைக்கோட்டான்

மார்ச் 15

என்னங்க,

சண்டை போட ஒரு வரி கிடைக்குமா என்று திரும்பத் திரும்பப் படித்தேன். கிடைக்கவில்லை.

அந்தப் பையனின் அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்? "உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க, உங்க மேல தப்பில்ல" என்றுதானே? ஊருக்கெல்லாம் சொல்வதை உங்களுக்கும் ஒரு தடவை சொல்லிக்கொள்ளக் கூடாதா? வகுப்பை நக்கலடித்தது போதும். ஒரு கட்டிலிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் ஒரே ஒரு மூச்சு, உங்களுக்காக விடுங்கள்.

நானும் செய்து பார்க்கிறேன். நேற்று பாப்பா பாலைக் கொட்டியதும் கை ஓங்கிவிட்டேன். மூச்சு விட்டு நின்றேன். கை தானாக இறங்கியது.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போக வருகிறானாம். என்ன சொல்லட்டும்?

வாயாடி

மார்ச் 19

வாயாடி,

அண்ணனிடம் வர வேண்டாம் என்று சொல். நான் வருகிறேன்.

நீ சொன்னபடி கட்டிலுக்குக் கட்டில் நின்றேன். முதலில் வெறும் நடிப்பு. இன்று ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றபோது, ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்கிறார்: "என்ன தம்பி, ஒடம்பு சரியில்லையா?" அவர் என்னைக் கேட்கிறார்! சிரிப்பு வந்தது. பாதியில் அழுகையாகிவிட்டது. நிற்கவே இல்லை.

தலைமை நர்ஸ் அக்கா என்னை இழுத்துப்போய் உட்கார வைத்தார். "எத்தன நாளாடா இப்படி?"

"தெரியலக்கா."

"வாயத் தொறந்து சொன்னா முத்தா கொட்டிடும்?" திட்டிக்கொண்டே என் டூட்டியைத் தானே வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் லீவு. அதற்குப் பிறகு இந்த வேலைக்குத் திரும்புவேனா, தெரியவில்லை. இப்போது கேட்காதே.

அழுகை இன்னும் விட்டுவிட்டு வருகிறது. வீட்டிலும் வரும். அப்பா அழுதால் பயப்பட வேண்டாம் என்று பாப்பாவிடம் முன்னாலேயே சொல்லி வை.

ஊமைக்கோட்டான்