சந்தனப் பொட்டு வைத்த போர்டு

என் அருமை அண்ணா,

நீ எங்களை விட்டுப் போன வருஷம் நம் வீட்டில் பண்டிகையே இல்லை. இந்த வருஷம்தான் ஆயுத பூஜை போட்டோம். அன்றைக்கு நான் ஒரு பாவம் செய்துவிட்டேன்.

பெருமுக்கல் நிலத்து மோட்டார் கொட்டகையில் நீ மாட்டிய போர்டு உள்ளங்கை அகலம்கூட இல்லை. அதற்கென்று நீயே எழுதிய குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம். கிணற்றில் தண்ணீர் பார்ப்பது, கரண்ட் பார்ப்பது, மோட்டாரைப் போட்டு நிறுத்துவது என்று எல்லா வேலைக்கும் அது முறை வைத்து நேரம் பிரித்துக் கொடுக்கும். நீ போன பிறகும் ஒரு நாள் தவறவில்லை.

"உங்கண்ணன் கையால செஞ்சதுடி, அதுக்கும் ஒரு பொட்டு வெச்சிட்டு வா" என்றாள் அம்மா. பெட்டிமேல் வைத்திருக்கலாம். உன்னைத் தொடுவது போல இருக்கட்டும் என்று மூடியைத் திறந்து, குழைத்த சந்தனத்தைப் போர்டிலேயே வைத்தேன்.

மறுநாள் மோட்டார் ஓடவில்லை. மல்லாட்டைச் செடியில் கடலை பிடிக்கிற நேரம். என் லேப்டாப்பைச் செருகினேன். போர்டு எழும்போதெல்லாம் காட்டும்படி நீ எழுதிவைத்த வார்த்தை திரையில் வந்தது: "வந்துட்டேன்." உடனே அணைந்து, மறுபடி "வந்துட்டேன்." திரை முழுக்க அதேதான். எப்படி அண்ணா தாங்குவேன்?

"இன்னாடி பாத்துக்கினு இருக்க? செடி வாடுது, ஜல்தி எதுனா பண்ணு!" என்று பின்னால் நின்று அழுதாள் அம்மா.

நான் உன்னைச் சந்தேகப்பட்டேன். உன் புரோகிராமில்தான் பிழை என்று முடிவு கட்டினேன். போர்டுக்கு உயிர் இருக்கிறதா பார்க்க, விளக்கை மினுக்கும் சின்னப் புரோகிராம் ஒன்றை அதன்மேல் ஏற்றினேன். அதுவும் நின்று நின்று எழுந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது, ரீசெட் பொத்தானின் அடியில், கொட்டகை ஈரத்தில் காயாத என் சந்தனம். அந்த ஈரம்தான் பொத்தானை அமுக்கியதுபோல் போர்டைத் திரும்பத் திரும்ப அணைத்திருக்கிறது. துடைத்தேன். விளக்கு ஒழுங்காக மினுங்கியது.

ஆனால் அந்தச் சின்னப் புரோகிராம் ஏறியபோதே நீ எழுதியது அழிந்துவிட்டது. உன் லேப்டாப் அந்த விபத்திலேயே நொறுங்கிப்போனது, வேறு நகல் கிடையாது. ஏற்றும் முன் போர்டிலிருந்தே ஒரு நகல் எடுத்திருக்கலாமாம். எனக்குத் தெரியவில்லை அண்ணா. கேட்க நீ எங்கே இருந்தாய்? இரண்டாம் முறையும் உன்னைப் பறிகொடுத்தேன், இந்த முறை என் கையாலேயே. அம்மாவிடம் போர்டு ரிப்பேர் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

போர்டு இல்லாமல் நேராக ஒயர் கொடுத்து, மோட்டாரை இப்போது நான்தான் கையால் போடுகிறேன். செடி பிழைத்தது. விழுப்புரம் வேலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து, உன் சிஸ்டம் மாதிரியே ஒன்றை ஒவ்வொரு வரியாக எழுதிப் பார்க்கிறேன். இரண்டு வேலை வரை ஓடுகிறது, மூன்றாவதைச் சேர்த்தால் சிக்கிக்கொள்கிறது. நீ எப்படிச் செய்தாய்?

விடமாட்டேன். முடித்ததும் அம்மாவைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், நடந்ததைச் சொல்லிவிட்டு, அவள் எதிரில்தான் சுவிட்சைப் போடுவேன். "வந்துட்டேன்" உன் வார்த்தை, அதை நான் எழுதமாட்டேன். என்னுடையது எழும்போதெல்லாம் "வாண்ணா" என்று கூப்பிடும்.

உன்னைச் சந்தேகப்பட்ட தங்கச்சி,
கலா