கிளினிக்குக்கு வந்தவர்களின் கணக்கு

இன்று காலை செனாவாங் ஊர் மண்டபத்தில் நீரிழிவு பற்றி ஒரு விளக்கக் கூட்டம். நம் மக்களில் இத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லும் அந்தப் பெரிய எண் திரையில் சிவப்பாக வந்து நின்றது. அடியில் சின்ன எழுத்தில், ‘ஆதாரம்: தோட்டத்துக் கோயில் மருத்துவ முகாம் துண்டறிக்கை’. நாம் இருவரும் உட்கார்ந்து எழுதிய துண்டறிக்கைதான், தோழி. உன்னிடம் காட்டப் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அதில் யாரோ உட்கார்ந்திருந்தார்.

ரெம்பாவ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் அந்த முகாமுக்கு ஓடியாடி உழைத்தோமே. அந்த எண்ணை எங்கிருந்தோ கொண்டுவந்தவர் கோயில் தலைவர். “எந்த சர்வேண்ணே? யார்கிட்ட கேட்டாங்க?” என்று நீ விடாமல் கேட்டாய். பலருக்குப் போன் போட்டுக் கண்டுபிடித்தாய். ஒரு கிளினிக்குக்கு ஏற்கெனவே நோயோடு வந்தவர்களின் கணக்கு அது. தோட்டத்தில் யாரையும் யாரும் கேட்கவில்லை. “பயந்தாத்தானே டெஸ்ட்டுக்கு வருவாங்க லா” என்றார் தலைவர். நம்மிடம் சொல்லாமலே துண்டறிக்கையில் அந்த எண்ணைச் சேர்த்து அச்சடித்துவிட்டார்.

பயந்தவர்கள் வரவில்லை. வராதவர்களில் லெட்சுமி அக்கா ஒருவர். மோட்டார் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனோம். “எப்படியும் வரத்தானே போவுது, எதுக்கு ஊசி குத்திக்கணும்?” என்று கதவை விட்டு நகராமல் நின்றார். நீ வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

“அக்கா, அது சீக்கோட வந்தவங்க கணக்கு. உங்கள அதுல எண்ணவே இல்ல. உங்களுக்கு இருக்கா இல்லையான்னு ரத்தம் பாத்தாத்தான் தெரியும்.”

வெகுநேரம் கழித்துச் செருப்பை மாட்டினார். முகாமில் ரத்தம் பார்த்ததில் சர்க்கரை இருந்தது. இன்றும் மாத்திரை எடுக்கிறார், நன்றாக நடக்கிறார். உன் காரியத்துக்கும் நடந்தேதான் வந்தார்.

இன்று நான் எழுந்து, “அது நம்ம எல்லாரோட கணக்கும் இல்லம்மா” என்றேன். கூட்டம் நடத்திய பெண், “சோர்ஸ் கீழ போட்டிருக்கேனேக்கா” என்றாள். சிலர் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். அலுத்துவிட்டது, உண்மையிலேயே.

தேநீர் நேரத்தில் அவளே தேடி வந்தாள். “அப்ப அந்த எடத்துல என்னக்கா போடறது?”

“நம்ம தோட்டத்துக் கணக்கு தெரியலன்னு போடும்மா.”

“அப்படிப் போட்டா யாரு மதிப்பாங்க?”

தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நீ ஏன் அப்படித் திடீரென்று போனாய் என்று இன்னும் கேட்கிறார்கள். ஆளுக்கொரு காரணமும் சொல்கிறார்கள். மருத்துவர்களுக்கே பிடிபடவில்லை. நான் மட்டும் ‘தெரியல’ என்கிறேன். அந்தச் சொல்லைக் கூசாமல் சொல்ல என்னைப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறாய். உன்னைப் பற்றியே அதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் தாங்கவில்லை.