உரிமையாளர் என்ற கட்டம்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். மழை வந்தால் மட்டும் இடுப்பு முனகுகிறது. போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இத்துடன் எங்கள் மனு இருக்கிறது. அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் எழுத்தையெல்லாம் பிழை திருத்துகிறாயே, அக்கா எழுத்தையும் ஒருமுறை பார்த்துக் கொடு.

விலங்குக் காப்பகச் சட்டத்தை மாற்றுவது பற்றிச் சட்டமன்றக் குழு ஒன்று விசாரிக்கிறது. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி எங்களைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்களை என்றால் நான், காப்பகத்து டாக்டரம்மா, ஓய்வுபெற்ற தபால்காரர். மூன்றே பேர்தான், ஆனால் சத்தம் முப்பது பேர் சத்தம். கடைக்கு வருகிறவர்கள் "துணி தைச்சாச்சாக்கா?" என்று கேட்டால், "முதல்ல இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்கிறேன். எண்ணூறு கையெழுத்து சேர்ந்துவிட்டது!

என் நாய் உருண்டை காணாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியபோது, "கதவு திறந்திருந்துச்சு, ஓடிட்டான்க்கா" என்று வாசலிலேயே அழுதாய். உன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அந்த நாயைத் தேடப் போய்த்தான் காப்பகங்களின் லட்சணத்தையே பார்த்தேன். சீக்கிரம் திருத்தி அனுப்பு.

உன் அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

மனு நன்றாகவே இருக்கிறது. உனக்குக் கோபம் வரும் இடங்களில் மட்டும் வாக்கியம் பக்கத்தைத் தாண்டி ஓடுகிறது, நறுக்கியிருக்கிறேன்.

நான்காம் கோரிக்கையில் ஒரு சந்தேகம். தெருவில் கண்டெடுத்த நாயை ஏழு நாள் வைத்திருக்க வேண்டும், உரிமையாளரே ஒப்படைத்தால் ஒரு நாள்கூட வைத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் இப்போதைய சட்டம் என்று எழுதியிருக்கிறாய். மாற்றி எழுதிவிட்டாயோ? சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்ததைத்தானே நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்? தப்பாக அச்சேறிவிடக் கூடாது என்றுதான் கேட்கிறேன். உடனே எழுது.

தம்பி


பிப்ரவரி 16

அன்புத் தம்பிக்கு,

நான் மாற்றி எழுதவில்லை. சட்டம்தான் தலைகீழாக இருக்கிறது. தெருவில் கிடைத்த நாய் என்றால் யாராவது தேடி வருவார்களோ என்று ஏழு நாள். சொந்தக்காரரே கையெழுத்துப் போட்டுவிட்டால், தேடி வர யார் இருக்கிறார்கள்? நாற்பது கூண்டில் நூற்றுப்பத்து நாய்கள் கிடக்கின்றன. இடம் இல்லையென்றால் அன்று மாலையே உயிரை எடுக்கிற ஊசி. போட்டுவிட்டு டாக்டரம்மா குழாயடியில் கை கழுவிக்கொண்டே நிற்பார், பார்க்கச் சகிக்காது. அவரைத் திட்டி என்ன பயன்? அதனால்தான் காப்பகங்களுக்கு இடமும் ஆளும் கொடு என்பதை முதல் கோரிக்கையாக வைத்திருக்கிறோம். கொண்டுவருகிறவர் உண்மையிலேயே சொந்தக்காரர்தானா என்றுகூட யாரும் கேட்பதில்லை.

அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட ஒருவரையாவது குழுவின் முன் நிறுத்தப் பார்க்கிறோம். ஒருவரும் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவார்கள்? நீ ஒன்று செய். அப்படிப்பட்டவர்களைப் பற்றி நறுக்கென்று நாலு வரி எழுதிக் கொடு. படித்தால் உறைக்க வேண்டும்.

உன் அக்கா


மார்ச் 1

அக்கா,

நாலு வரி எழுத உட்கார்ந்தேன். பத்து நாளாக வரவில்லை.

உருண்டை ஓடிப்போகவில்லை. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்த பன்னிரண்டு நாளில் ஒன்பதாம் நாள். நீ இல்லாமல் அவன் என் வீட்டுக் கதவைப் பிறாண்டிக்கொண்டே கிடந்தான். கீழ்வீட்டுக்காரர் மூன்று முறை ஏறி வந்து கத்தினார். என் பெரிய மகளுக்குத் தேர்வு வேறு. இதெல்லாம் சாக்கு. எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். இடுப்பு முறிந்தவள் இனி எப்படி நாய் வளர்ப்பாள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கக் காப்பகத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். இரண்டு கட்டம் இருந்தது. "தெருவில் கண்டது" என்பதில் முதலில் பேனாவை வைத்தேன். அப்படி எழுதினால் அவனை ஒரு மூலையில் தள்ளிவிடுவார்கள், வீட்டு நாய் என்றால் மரியாதையாக நடத்துவார்கள் என்று தோன்றியது. அதை அடித்துவிட்டு "உரிமையாளர்" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு போட்டேன், அக்கா. எங்கேயோ நல்ல வீட்டில் இருக்கிறான் என்று இரண்டு வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

உன் பதில் வந்ததும் அங்கே போய்க் கேட்டேன். அன்று மாலை நாலரை மணிக்கு ஊசி என்று ஏட்டில் இருக்கிறது. அதற்கு மூன்றாம் நாள் நீ வீட்டுக்கு வந்தாய்.

நீ தேடி அலைந்தபோது அந்தக் காப்பகத்துக்கும் போனோம். தெருநாய் ஏட்டை மட்டும் புரட்டிவிட்டு "இல்லீங்கம்மா" என்றார்கள். நான் உன் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மன்னித்துவிடு என்று எழுதக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 6

கடிதம் கிடைத்தது.

பன்னிரண்டாம் தேதி, செவ்வாய், காலை பத்து மணி. வந்து, எனக்கு எழுதியதை அப்படியே சொல். கையெழுத்துப் போட்ட ஒருவர் வருகிறார் என்று மற்ற இருவரிடமும் சொல்லியிருக்கிறேன். யார் என்று சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. "இப்படியும் மனுஷங்க இருக்காங்க பாருங்க" என்று எண்ணூறு பேரிடம் சொல்லிச் சொல்லிக் கையெழுத்து வாங்கியவள் நான். அந்த மனுஷன் என் தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் பக்கத்தில் வந்து உட்காராதே.


மார்ச் 13

அக்கா,

நீ சொன்னபடியே உன்னைவிட்டுத் தள்ளி, கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உன் பக்கம் திரும்பவே இல்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"நாய் யாரோடது?" என்று குழுத் தலைவி கேட்டார். "என் அக்காவோடது" என்றேன். "அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றார். உன் பக்கம் கண் போய்விடக் கூடாதென்று மேசையையே பார்த்தேன். ஓரத்தில் இருந்த உறுப்பினர், "என்னப்பா, நாயைத் தொலைச்ச மாதிரி அக்காவையும் தொலைச்சிட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று நின்றேன்.

அப்போதுதான் நீ எழுந்தாய். "நான்தாங்க அவன் அக்கா. என் கூடப் பிறந்தவன்" என்றாய். அதற்குப் பிறகு என்னிடம் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், ஒன்றும் நினைவில்லை. வெளியே வந்து தேடினேன், நீ போய்விட்டிருந்தாய்.

ஏன் எழுந்தாய், அக்கா?

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியாமல் நாலு நாள் தையல் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். உன்னை மன்னித்து எழவில்லை, அந்த நினைப்பே வேண்டாம். அவர்கள் சிரித்தபோது நானும் குனிந்து, காகிதத்தைப் புரட்டுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிவத்தில் நான் ஒருத்தி இருப்பதையே நீ மறைத்தாய். அந்த அறையில் நீ ஒருவன் இருப்பதை நான் மறைத்துக்கொண்டிருந்தேன். என்னால் அப்படி உட்கார்ந்திருக்க முடியவில்லை. சீ என்று ஆகிவிட்டது.

நான்காம் கோரிக்கையை ஏற்றுச் சட்டமன்றத்துக்குப் பரிந்துரைக்கிறார்கள். யார் கொண்டுவந்து கொடுத்தாலும் ஏழு நாள், சொந்தக்காரர் என்றால் அத்தாட்சி. நீ பேசியதால்தான் இது நடந்தது என்று டாக்டரம்மா சொல்கிறார். இடமும் ஆளும் கேட்டதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். விடமாட்டோம்.

வீட்டுக்கு வராதே. உன் முகத்தைப் பார்த்தால், நாலரை மணிக்குக் கூண்டுக் கதவு திறந்தபோது நான்தான் வந்துவிட்டேன் என்று அவன் வாலாட்டியிருப்பானே, அதுதான் கண்முன் வரும். அது எப்போது நிற்குமோ தெரியாது. அதுவரை நீ எழுது. படிப்பேன். பதில் போடுவேன் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

உன் அக்கா