பச்சைத் தண்ணீரிலும் வந்த சூடு

அவனியாபுரம்
8.6.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

நலம். திருமங்கலத்தில் உன் அக்கா வீட்டில் எல்லாரும் சுகம்தானே? போனில் பேசினால் சண்டையாகிறது. அதனால் எழுதுகிறேன்.

சாதாரண வெப்பத்திலேயே அணுக்களை இணைத்துச் சூடு எடுக்கும் குளிர் அணு இணைவு, உலகமே ஒதுக்கிய குப்பை என்று சொல்லிவிட்டுப் போனாய். இப்போது கேள். நம் வீட்டு ஷெட்டில், கனநீரில் பல்லேடியக் கம்பியை வைத்துக் கரண்ட் விடுகிறேன். ஷெட்டு மீட்டர் காட்டும் கரண்டுக்கு மேலேயே சூடு வருகிறது. நீ இருந்தவரை வராதது, நீ போன மறுநாளிலிருந்து வருகிறது. இப்போதெல்லாம் கரண்டும் போவதில்லை.

மாதக் கடைசியில் பாலிடெக்னிக் வேலையை எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன். இனி முழு நேரமும் இதுதான்.

உன்
முத்துக்குமரன்


திருமங்கலம்
12.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் போனதால்தான் சூடு வந்தது என்கிறீர்களா? நல்ல விஞ்ஞானம். கனநீருக்குப் பதில் பச்சைத் தண்ணீரை ஊற்றி அதே சோதனையைச் செய்யுங்கள். உங்கள் கணக்குப்படியே அதில் அணு இணையாது, கூடுதல் சூடு வரக் கூடாது. அப்படி வராவிட்டால் வேலையை விடுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

சத்யப்ரியா


அவனியாபுரம்
17.6.2025

பிரியா,

பச்சைத் தண்ணீரிலும் அதே சூடு வருகிறது. எனக்குத் தலை சுற்றுகிறது. கனநீரே தேவையில்லை என்றால் இது நான் நினைத்ததைவிடப் பெரிய விஷயமா? இல்லை, நான் அளப்பதே தப்பா? காலையில் ஒன்று தோன்றுகிறது, சாயங்காலம் இன்னொன்று. மீட்டர் புதிது. தெர்மாமீட்டரையும் மாற்றிப் பார்த்தாயிற்று. ராஜினாமாவை டைப் அடித்து வைத்திருக்கிறேன். நீயே சொல்.

முத்துக்குமரன்


திருமங்கலம்
21.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சொல்லலாமா வேண்டாமா என்று குழம்பிக் குழம்பித்தான் எழுதுகிறேன். கிளம்பிய அன்று எலெக்ட்ரீஷியன் ஆண்டிச்சாமியிடம், வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஷெட்டுக்கு ஒரு லைன் இழுக்கச் சொன்னேன். விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் சொன்னேன். நேற்று அவனைக் கேட்டேன். "கரண்டு போனா ஷெட்டு போர்டு அம்புட்டும் அதுக்கு மாறிக்கிற மாதிரி குடுத்திருக்கேன் அக்கா. போனதே அண்ணனுக்குத் தெரியாது" என்கிறான்.

உங்கள் மீட்டர் கரண்ட் வரும் லைனில் மட்டும் இருக்கிறது. கரண்ட் போன நேரமெல்லாம் இன்வெர்ட்டர் கொடுத்ததை அது எண்ணவில்லை. எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் சூடு அதிகமாகத்தான் தெரியும்.

உங்கள் ஆசையில் மண்ணைப் போட்டது நான்தான். சொல்லாமலிருந்தால் இருக்கிற வேலையும் போயிருக்கும். எது பெரிய பாவமென்று எனக்குத் தெரியவில்லை.

சத்யப்ரியா


அவனியாபுரம்
25.6.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

அந்த லைனைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். உள்ளே போன கரண்டுக்குச் சரியாகத்தான் சூடு வந்தது. கூடுதலாக ஒன்றுமில்லை. வருத்தம்தான், மறைக்கவில்லை. ராஜினாமாவைக் கொடுக்கவில்லை.

சாயங்காலம் கரண்ட் போனது. புழுக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். மற்றதெல்லாம் விளங்கிவிட்டது, ஒன்று மட்டும் விளங்கவில்லை. "இனி இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று பெட்டியைக் கட்டியவள், அதே நாளில் எனக்குப் புழுங்கக் கூடாதென்று எதற்கு லைன் இழுக்கச் சொன்னாய்?

ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் வருகிறேன். உன்னைக் கூப்பிட்டுப் போக இல்லை. இதைக் கேட்கத்தான்.

உன்
முத்துக்குமரன்