முதுகில் மாட்டிய கேடயம்

என்னங்க,

இட்லி தூக்குச்சட்டியில் இருக்கிறது. கோபத்தில் சாப்பிடாமல் போகாதீர்கள்.

என் தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த, ஆளுக்கொரு வீரனாகி அரக்கனோடு சண்டை போடும் பகடை விளையாட்டுக்கு விதிப்புத்தகம் இருக்கிறது, புரட்டிப் பாருங்கள். கேடயம் கையில் இருந்தால்தான் அடியைத் தடுக்கும். உங்கள் வீரன் அதை முதுகில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாளைச் சுழற்றினான். அரக்கன் நெஞ்சிலேயே போட்டான். "கேடயம் வச்சிருக்காம்லா, பொறவு எப்படிச் சாவான்?" என்று நேற்றெல்லாம் கேட்டால், ஆட்டத்துக்கு நடுவரான நான் என்ன செய்ய?

சாரல் பிடித்துவிட்டது. குடை ஆணியில் தொங்குகிறது. அதை விரிக்காமல் முதுகில் மாட்டிக்கொண்டு தென்காசி ஆபீஸ் வரை சைக்கிளில் போங்கள். நனையாமல் போய்ச் சேர்ந்தால் வீரனை எழுப்பித் தருகிறேன்.

கல்யாணசுந்தரி

பி.கு. வீட்டில் இருப்பது அந்த ஒரு குடைதான். நான் நனைந்துகொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறேன். வீரன் செத்தது செத்ததுதான்.