ஓவனில் பழுதில்லை

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். கப்பலில் இஞ்சின் அறை வேலை முடிந்ததும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? கோபப்படாமல் முதலில் இதைப் படியுங்கள். நீங்கள் வேண்டவே வேண்டாம் என்று சொன்ன ஹார்மோன் மருந்தை நான் தொடங்கிவிட்டேன். போனில் சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், லைன் கட்டாகிவிடும். கடிதத்தோடு சண்டை போட முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஓவன் ரிப்பேர் கதையை உங்களிடம் பாதிதான் சொல்லியிருந்தேன். மாவு பிசைந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று சூடு ஏறும். பேக்கரிக்காரிக்குச் சூடு வந்தால் யார்மேல் சந்தேகப்படுவாள்? கதவு வழியாக அனல் கசிகிறது என்று மெக்கானிக்கை வரவழைத்தேன். ரப்பரை மாற்றிக் கொடுத்தார். அப்போதும் தீரவில்லை. மறுபடி கூப்பிட்டு, வேர்த்து விறுவிறுத்து நின்று, வேலை சரியில்லை என்று அவரையே திட்டினேன். அவர் தயங்கித் தயங்கி, "அக்கா, ஓவனை இன்னும் பத்தவே வைக்கலையே" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

சூட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தூக்கம் போனதுதான் ஆளைச் சாய்த்தது. பள்ளிக்கூட கேன்டீனுக்குப் போன ரொட்டியில் உப்பே போடவில்லை, அவர்கள் ஆர்டரையே நிறுத்திவிட்டார்கள். இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததுண்டா? மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, வயதானால் இப்படித்தான் இருக்கும் என்று சமாளித்தேன். மகள் விடவில்லை. "நீ பல்லைக் கடிச்சிட்டு இருக்கிறதுக்கு யாரும்மா மெடல் தரப்போறாங்க?" என்று டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

உங்கள் அக்கா மார்புப் புற்றுநோயில் போனதை நானும்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். "அக்கா போனது போதும், நீயும் போயிடாதே" என்று நீங்கள் சொன்னபோது உங்கள் குரல் உடைந்தது. அதனால் டாக்டரம்மாவிடம் முதலில் கேட்டதே அதைத்தான். அக்கா உங்கள் ரத்த உறவு, எனக்கல்ல என்று அவர் விளக்கினார். மகள்தான் பின்னாளில் இதை மறக்காமல் தன் டாக்டரிடம் சொல்ல வேண்டுமாம். என் அம்மா வழி, அப்பா வழி, ரத்தம் உறைந்து கட்டியது உண்டா, பிரஷர் உண்டா என்று வக்கீல் மாதிரி குடைந்தெடுத்தார். மார்பைப் படம் எடுத்துப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்றார்.

ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதனால்தான் அவரை நம்பினேன். வருடக்கணக்கில் எடுத்தால் மார்புப் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்றார். ஆனால் சூடு தணியும், தூக்கம் வரும், எலும்பு தேயாமல் இருக்கும். எனக்குக் கொடுத்தது தோலில் ஒட்டும் பிளாஸ்திரி. இதே ஹார்மோனை மாத்திரையாக விழுங்குவதைப் போல இது ரத்தத்தை உறைய வைப்பதில்லையாம். கூடவே இன்னொரு மாத்திரையும் உண்டு. கர்ப்பப்பையைக் காப்பது அதுதான், அதை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மறுபடி ரத்தப்போக்கு தெரிந்தால் உடனே வர வேண்டும். வருடா வருடம் தேவையா என்று பார்த்து முடிவு செய்வோம் என்றார்.

இப்போது விடியும்வரை தூங்குகிறேன். சூடு முழுதாகப் போகவில்லை, எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. கேன்டீன்காரரும் மறுபடி ஆர்டர் கொடுத்துவிட்டார்.

இன்னொன்று எழுத வேண்டும். கணவரோடு எப்படி என்று டாக்டரம்மா கேட்டபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன விடுமுறையில் நான் பக்கத்து அறையில் போய்ப் படுத்தேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. உங்கள்மேல் வெறுப்பு என்று நினைத்துவிட்டீர்கள். அது வெறுப்பில்லை, வலி. அதை வெளியே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதுவும் மாதவிலக்கு நின்றபின் உடம்பில் வரும் வறட்சியால்தானாம், அதற்கும் மருந்து உண்டாம்.

உங்கள் பயத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கமாட்டேன். எனக்கும்தான் இருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் என்னோடு வந்து, கேட்க வேண்டியதையெல்லாம் கேளுங்கள். கடலும் காற்றும் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என் தலையணையை நம் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

உங்கள்,
பேக்கரிக்காரி