கோட்டுக்குப் பின்னால் ஆறு அடி

அன்பு ரஞ்சிதக்கா,

நலம், நலம் அறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை இது. உங்களுக்கு அப்படி எழுத முடியவில்லை. நீங்கள் இருந்தபோதும் நான் உங்கள் நலத்தைக் கேட்கவில்லையே. மாற்றலாகிப் போன பிறகு மூன்று தபால் கார்டு போட்டீர்கள். ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. மஞ்சள் காமாலையில் நீங்கள் போய்விட்ட செய்தி வந்த அன்று, மூன்றாம் பிரிவேளையில் போர்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இந்தக் கடிதத்தை நம் பள்ளிக்கூடத்து ஆண்டு மலரில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புதிய பிள்ளைகள் படிப்பார்கள், அவர்களுக்கு உங்களைத் தெரியாது. அதனால் சொல்லிவிடுகிறேன்: ரஞ்சிதம் டீச்சர் இங்கே ட்ரில் டீச்சராக இருந்தவர். நான் கணக்கு டீச்சர். இந்தப் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகப் பெண் பிள்ளைகளுக்குப் பூப்பந்து ஆட ஒரு கோர்ட் வேண்டும் என்று கேட்டது அவர்தான். அது எப்படிப் போடப்பட்டது, அதில் யார் விழுந்தார், யார் மேல் பழி வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

ஒரு செய்தி அக்கா. புதுக் கோர்ட் வரப்போகிறது. நீங்கள் கேட்ட அதே முன்பக்கத்து இடத்தில். ரோட்டோர மதிலை ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பிவிட்டார்கள், பஸ்ஸில் போகிறவர்கள் இனி எட்டிப் பார்க்க முடியாது. டேப்பெல்லாம் மீட்டருக்கு மாறிவிட்டது. உங்கள் எண்பது அடியும் நாற்பது அடியும் இப்போது இருபத்துநாலு மீட்டர், பன்னிரண்டு மீட்டர். சிரிப்பீர்கள்.

போன மாதம் இதற்காக மீட்டிங் நடந்தது. புது ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லார் முன்னாலும் சொன்னார்: “போன தடவை ட்ரில் டீச்சர் கவனமில்லாம அளந்ததுலதான் ஒரு பிள்ளைக்குக் கை போச்சுன்னு பைல்ல இருக்கு. இந்தத் தடவை கணக்கு டீச்சரே அளக்கட்டும். விசாலாட்சி டீச்சர்னா ஒரு இஞ்சு பிசகாது.”

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா.

அந்தப் பழைய நாளுக்கு வருகிறேன். முன்பக்கம் நூற்று முப்பது அடி நீளம், வடக்குத் தெற்காக. நீங்கள் ஒரே பார்வையில் சொல்லிவிட்டீர்கள்: “இங்கிட்டுத்தான் போடணும் விசா. வடக்குத் தெற்கா இருந்தாத்தான் ரெண்டு பக்கத்துப் பிள்ளைக்கும் வெயில் கண்ணுல அடிக்காது. கோர்ட்டு எண்பது. ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலயும் ஓடுறதுக்குப் பத்து அடியாவது வெறும் எடமா இருக்கணும். நூறுக்குக் கொறைஞ்சா ஆகாது.”

அப்போது மதில் இடுப்பளவுதான். பாவாடை தாவணியில் வயசுப் பிள்ளைகள் ரோட்டுப் பக்கம் ஓடி ஆடுவதா என்று ஊரில் பேச்சு எழுந்தது. அப்போதிருந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேஜை மேல் என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அதை அவர் தொடக்கூட இல்லை. “பின்னாடி கெணத்தடிக்கும் மேக்கு மதிலுக்கும் நடுவுல எடம் கெடக்கே. நூறு அடி வந்துட்டாப் பிரச்சினையே இல்ல. நீதான் கணக்கு டீச்சர், அளந்து சொல்லு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வேலைக்குப் பயந்துதான் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் உங்களைத் தேடித்தான் ஓடினார்கள். என் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை உங்கள் கையைப் பிடித்துத் தொங்கியது. எனக்கு அது பொறுக்கவில்லை. நீங்கள் கேட்டதெல்லாம் நடக்கக் கூடாது என்று எனக்குள் ஒருத்தி இருந்தாள். அவளைப் பற்றி இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

ஓவர்சியரிடம் நூறடி டேப் ஒன்றை இரவல் வாங்கி வந்தீர்கள். மேற்கு மதிலில் நுனியைப் பிடித்தபடி நீங்கள் நின்றீர்கள். நான் இழுத்துக்கொண்டு கிழக்கே வந்தேன். கிணற்றோடு சேர்த்துக் கட்டிய துவைக்கும் கல் வந்தது. குனிந்து பார்த்தேன், தொண்ணூற்றிரண்டு. நன்றாகப் பார்த்தேன் அக்கா. தப்பாக வாசிக்கவில்லை.

“எவ்வளவு விசா?” என்று அங்கிருந்து கத்தினீர்கள்.

“நூறு!” என்றேன்.

டேப்பைச் சுற்றிக்கொண்டே வந்தீர்கள். உங்கள் முகம் வாடித்தான் இருந்தது. “எடம் இருக்குன்னா சரி, ஆடட்டும். கெழக்கு மேக்கா வருதே, சாயந்தரம் வெயில்தான் கொல்லும்” என்றீர்கள். தொண்ணூற்றிரண்டு என்று குறித்து என் கையில் இருந்த சீட்டை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. ஏன் பார்க்கவில்லை? பார்த்திருக்கலாமே என்று உங்கள் மேல் கோபப்பட்ட நாளும் உண்டு. அவ்வளவு கீழே போயிருக்கிறேன்.

பிள்ளைகள் ஒரு மாதம் சரளை மண் சுமந்தார்கள். தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, தரை கல் மாதிரி ஆனது. அப்புறம்தான் கோடு போட்டீர்கள். மூலை சரியாக வர, கயிற்றில் மூன்றடி, நான்கடி, ஐந்தடி முடிச்சுப் போட்டு முக்கோணம் வைக்கச் சொல்லிக் கொடுத்தது நான். என் கணக்கு வெளியே வந்து தரையில் கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெருமையாகக்கூட இருந்தது. மேற்கே பத்தடி விட்டு எண்பதை அளந்து முளை அடித்தீர்கள். கிழக்கே துவைக்கும் கல்லுக்கு இரண்டே அடிதான் மிச்சம்.

மறுபடி அளந்தீர்கள். அதே இரண்டடி. “என்ன விசா இது, டேப்பு எங்கயும் மடங்கிப்போச்சா அன்னைக்கு?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: “நுனியை நீங்கதானேக்கா புடிச்சீங்க. மதிலை ஒட்டிப் புடிக்காம முன்னால வந்துருப்பீங்க.”

நீங்கள் முன்னால் வந்திருந்தால் அளவு குறைந்திருக்குமே தவிரக் கூடியிருக்காது. எந்தப் பிள்ளையும் கண்டுபிடிக்கக்கூடிய பொய். நீங்கள் யோசிக்கவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டு, “அப்படியா? என் புத்தி எங்க போச்சு!” என்றீர்கள். நேராக ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போய், இடம் போதாது, முன்பக்கமே கொடுங்கள் என்று இன்னொரு தடவை கேட்டீர்கள். “மண்ணெல்லாம் அடிச்சாச்சு. அளந்தது யாரு?” என்றார் அவர். “நாந்தான்” என்றீர்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். துவைக்கும் கல்லையாவது பெயர்க்கலாமா என்றீர்கள். அதற்கும் முடியாது என்று பதில் வந்தது. முளைகளை நகர்த்தி, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு என்று ஆக்கினீர்கள்.

நூர்ஜகானை மறந்திருக்க மாட்டீர்கள். கோட்டைப்பட்டினத்துப் பிள்ளை, இங்கே மாமி வீட்டில் தங்கி ஐந்தாவது பாரம், அதாவது பத்தாம் வகுப்பு, படித்தவள். அவள் அத்தா கருவாட்டு வியாபாரி. பிள்ளை விளையாடக் கூடாது என்றவரை நீங்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துப் பேசிச் சம்மதிக்க வைத்தீர்கள். “ஒங்க பொறுப்புல விடுறேன் டீச்சரம்மா” என்று அவர் சொன்னதைச் சந்தோஷமாக வந்து என்னிடம்தான் சொன்னீர்கள்.

அவள் விழுந்த அன்று சாயந்தரம் கிழக்குப் பக்கம் ஆடினாள். எதிரே நேராக வெயில். தலைக்கு மேல் உயரமாக வந்த பந்தை விடக் கூடாதென்று பின்னாலேயே ஓடினாள். துவைக்கும் கல்லில் கால் இடறி, வலது கை அடியில் மாட்ட விழுந்தாள். சத்தம் ஸ்டாப் ரூம் வரை கேட்டது. மாட்டுவண்டியில் அவளை உங்கள் மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். நான் உங்கள் கூட வரவில்லை. நான் போய் அந்த ஆறு அடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முழங்கை சரியாகச் சேரவில்லை. அவள் அத்தா வந்து படிப்பையே நிறுத்திக் கூட்டிப் போனார். விளக்கம் கேட்டு உங்களுக்குக் காகிதம் வந்தது. நீங்கள் எழுதிய பதிலை எனக்குப் படித்துக் காட்டினீர்கள், நினைவிருக்கிறதா? ‘இடத்தை அளந்ததில் நேர்ந்த என் கவனக்குறைவே காரணம்.’ படித்துவிட்டு, “எழுத்துப் பிழை இருக்கா பாரு விசா” என்றீர்கள். இல்லை என்றேன்.

உங்களை மாற்றிவிட்டார்கள். என் வேலை நிரந்தரமானது.

மீட்டிங் முடிந்த நாலாம் நாள் புது ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் இருந்த பைலை மூடி ஓரமாக வைத்தார். அப்புறம், “அவங்களும் போய்ச் சேந்துட்டாங்க. இப்ப இதைக் கிளறி யாருக்கு என்ன லாபம் டீச்சர்?” என்றார். புதுக்கோட்டை கல்வி ஆபீசுக்குப் போனேன். உங்கள் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் அந்தக் குறிப்பைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். “எறந்துபோனவங்க பைலை யாரும்மா பிரிப்பாங்க? வீட்டுக்குப் போங்க” என்றார்.

போகவில்லை. அங்கிருந்து கோட்டைப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன்.

நூர்ஜகானுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “வாங்க டீச்சர், உள்ள வாங்க” என்றாள். தண்ணீர்ச் செம்பை இடது கையில் தூக்கி வந்து, அப்படிக் கொடுப்பது மரியாதை இல்லை என்று வலது கையையும் செம்போடு ஒட்டிக்கொண்டு நீட்டினாள். அந்தக் கை முழுசாக நீளவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. செம்பை என்னிடமிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “ட்ரில் டீச்சர் என்னைப் பாக்க ரெண்டு தடவை வந்தாங்க. தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியாது.”

“அத்தா கதவைத் தொறக்கல. வெளிய நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் உள்ளதான் இருந்தேன். நானும் போகல. அவுக அளந்ததுனாலதானே இப்படி ஆச்சுன்னு எனக்குக் கோவம்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அத்தா மவுத்தாகுற வரைக்கும் அவுகளைத்தான் திட்டிக்கிட்டு இருந்தாரு. நீங்க ஏன் டீச்சர் அப்ப வரல?”

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டேன். அவள் அதைக் கேட்காதவள் போல இருந்தாள். புறப்படும்போது வாசல் வரை வந்தாள்.

“புதுக் கோர்ட்டுல பின்னால எவ்வளவு விடுறீங்க?”

“பதினஞ்சு அடி.”

“நல்லா விடுங்க. பந்து ஒசரமா வந்தா நாங்க பின்னால திரும்பிப் பாக்க மாட்டோம் டீச்சர். எடம் இருக்குன்னு நெனச்சுத்தான் ஓடுவோம்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது, மூடிய கதவுக்கு வெளியே நின்று நீங்கள் கூப்பிட்டதுதான் காதில் இருந்தது. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கப் போய், அதுவும் கிடைக்காமல் இரண்டு தடவை திரும்பியிருக்கிறீர்கள். நான் அந்த நேரத்தில் எங்கே இருந்தேன்? வீட்டில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்திருப்பேன்.

என்னை மன்னியுங்கள் என்று உங்களிடம் கேட்கப்போவதில்லை. நீங்கள் உடனே மன்னித்துவிடுவீர்கள், அதனால்தான். செய்யப்போவதை மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை காலைப் பிரேயரில், எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கும்போது, மேடையில் ஏறி இதை என் வாயாலேயே சொல்வேன். அளந்தது நான், பொய் சொன்னது நான், என் பெயர் விசாலாட்சி என்று. அதன் பிறகு அவர்கள் என்னிடம் கணக்குப் படிப்பார்களோ, முகம் திருப்பிக்கொள்வார்களோ, அது அவர்கள் இஷ்டம். பைலில் உங்கள் காகிதத்துக்கு மேலே என் காகிதம் சேரும்வரை, லீவு கிடைக்கிற நாளெல்லாம் அந்தக் கிளார்க்கின் முன்னால் போய் நிற்பேன். பெஞ்சில் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன்.

நீங்கள் கூடப்பிறந்தவளாக நினைத்த, அதற்குத் தகுதியில்லாத

உங்கள் தங்கச்சி,
விசாலாட்சி